வலையமைப்புக் கண்காணிப்பில் குறுஞ்செய்தி எச்சரிக்கை

வலையமைப்புக் கண்காணிப்பில் குறுஞ்செய்தி எச்சரிக்கை என்பது, கணினி வலையமைப்பிலுள்ள வழங்கி, திசைவி போன்ற கருவிகள் செயலிழக்கும்போது, கண்காணிப்பு மென்பொருள் அதனைப் பொறுப்பாளரின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கும் முறையாகும். இணைய இணைப்பு அறுந்தால் மின்னஞ்சலும் நின்றுவிடும். ஆகவே பழுதான வலையமைப்பை நம்பியிராத தனிவழியில் செய்தி செல்ல வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை.

முன்னோடிகள்

1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், தொலைவிலுள்ள கணினி பதிலளிக்கிறதா என்று சோதிக்கும் 'பிங்' நிரலை எழுதினார். 1988இல் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வெளியானது. இதன் மூலம் கருவிகள் தம் பழுதைத் தாமே அறிவிக்க முடிந்தது. ஆயினும் திரைக்கு முன் ஆள் இருந்தால்தான் அவ்வறிவிப்பு பயன்பட்டது.

இக்குறையைப் பேஜர் ஓரளவு தீர்த்தது. கண்காணிப்புக் கணினி மோடம் வழியே பேஜர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியை ஒப்படைக்கும். ஆனால் 1998 மே 19 அன்று கேலக்சி 4 செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்தபோது, அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஒரே நேரத்தில் ஊமையாயின. தனிவழி எனக் கருதப்பட்டதும் ஒரே கண்ணியில் தொங்கிக்கொண்டிருந்தது அன்று தெரியவந்தது.

குறுஞ்செய்தியின் வருகை

1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் உள்ளிட்டோர், ஜி.எஸ்.எம். வலையமைப்பின் சமிக்ஞைத் தடத்தில் எஞ்சியிருக்கும் இடத்தைச் சிறு செய்திகளுக்குப் பயன்படுத்தத் திட்டமிட்டனர். ஒரு செய்திக்கு 140 பைட்டுகள். ஆங்கிலத்தில் 160 குறிகள். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அது கணினியிலிருந்து செல்பேசிக்குச் சென்றது. பிற்கால எச்சரிக்கைச் செய்திகள் செல்வதும் இதே திசையில்தான்.

1999இல் ஈத்தன் கால்ஸ்டாட் வெளியிட்ட 'நெட்செயின்ட்', 2002இல் 'நாகியோஸ்' எனப் பெயர் மாறியது. இத்திறந்த மூல மென்பொருளில் ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் மின்னஞ்சலுடன் பேஜர் முகவரியும் குறிக்க இடமுண்டு. செல்பேசி பரவிய பின் அவ்விடத்தில் செல்பேசி எண் அமர்ந்தது.

அமைக்கும் முறைகள்

இரு முறைகள் வழக்கில் வந்தன. முதலாவது, செல்பேசி நிறுவனத்தின் மின்னஞ்சல் வாயிலுக்கு அஞ்சல் அனுப்பி, அதனைக் குறுஞ்செய்தியாக மாற்றச் செய்வது. இது எளிது, ஆனால் இணையம் இருந்தால்தான் நடக்கும். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் இவ்வாயிலை 2025 ஜூனில் மூடியது.

இரண்டாவது, சிம் அட்டை பொருத்திய ஜி.எஸ்.எம். மோடத்தை வழங்கியுடன் நேரடியாக இணைப்பது. 'க்னோக்கி', 'காமு', 'எஸ்.எம்.எஸ். சர்வர் டூல்ஸ்' போன்ற மென்பொருள்கள் மோடத்துக்குக் கட்டளையிட்டுச் செய்தியை அனுப்பின. இணையம் முற்றிலும் அறுந்தாலும் இது இயங்கும். மின்தடையிலும் இயங்க, வழங்கிக்கும் மோடத்துக்கும் யு.பி.எஸ். இணைப்பு தேவை. சிம் அட்டையில் இருப்புத்தொகை தீர்ந்தாலோ 2ஜி சேவை நிறுத்தப்பட்டாலோ மோடம் ஓசையின்றி நின்றுவிடும். ஆகவே நாள்தோறும் ஒரு சோதனைச் செய்தி அனுப்புவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.

எச்சரிக்கைச் சோர்வு

ஒரு திசைவி நின்றால் அதன் பின்னுள்ள எல்லாக் கருவிகளும் நின்றதாகவே தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி வந்தால், பெறுபவர் நாளடைவில் படிப்பதையே நிறுத்திவிடுவார். இதனைத் தவிர்க்க நாகியோஸ், பலமுறை சோதித்து உறுதியான பின்னரே அறிவிக்கிறது. திசைவிக்குப் பின்னுள்ளவற்றை 'எட்ட இயலாதவை' எனப் பிரிக்கிறது. உரிய நேரத்தில் பதில் இல்லையெனில் அடுத்த பொறுப்பாளருக்குத் தெரிவிக்கவும் அமைக்கலாம்.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் முன்பதிவு செய்ய வேண்டும். 2021 மார்ச் 8 அன்று இச்சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் பல தடைபட்டன. அதனால் அது சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. தமிழில் அனுப்பினால் ஒரு செய்தியில் 70 குறிகளே அடங்கும். 'கோ' போன்ற உயிர்மெய் இரு குறிகளாக எண்ணப்படுவதால் எழுத்துகள் மேலும் குறையும்.

இன்றைய நிலை

இன்று திறன்பேசிச் செயலிகள் குறுஞ்செய்தியின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. எனினும் 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் வலையமைப்பு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அந்நிறுவனப் பொறியாளர்களின் உள்கருவிகளும் உடன் முடங்கின. தனிவழியின் தேவை இன்னும் தீரவில்லை என்பதற்கு அந்நிகழ்வு சான்றாகும்.