ஒரு வெற்றியா, ஒரு தட்டா? அறுபதுகளின் இறுதியில் கல்கத்தாவின் ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள்

1969-இல் ஜேகர் அண்ட் எவன்ஸ் என்ற அமெரிக்க இரட்டையர் பாடிய 'இன் தி இயர் 2525' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரிட்டனிலும் அது முதலிடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர்கள் பெயர் இரண்டு பட்டியல்களிலும் தலைகாட்டவில்லை. ஒரே பாட்டில் எழுந்து ஒரே பாட்டோடு அடங்கியவர்கள் என்று பேச்சு வந்தால் முதலில் சுட்டப்படுபவர்கள் இவர்கள்தாம். ஆனால் இதே அளவுகோலை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்மீது வைத்தால் சங்கடம். அமெரிக்க முதல் நாற்பதுக்குள் அவர் நுழைந்தது ஒரே ஒரு முறைதான்: 1968-இல், இருபதாம் இடத்தில். அவரை இந்த வகையில் சேர்க்க யாருக்கும் மனம் வராது. ஆக, இந்த வகைப்பாடு பாடகரின் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பட்டியல் என்ற கருவி எதைப் பதிவு செய்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பட்டியலே இல்லாத ஊரில் இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறுபதுகளின் இறுதிக் கல்கத்தா அப்படிப்பட்ட ஊர். 1952 முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலா இந்தித் திரைப்பாட்டுகளை வரிசைப்படுத்தியது. கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் கிடாரோடு நின்ற இளைஞர்களுக்கு அப்படி ஒரு வரிசை எங்கும் இல்லை. அவர்களை இன்று 'ஒரு வெற்றிக்காரர்கள்' என்று அழைப்பது பொருந்தாது. அவர்கள் ஒரு தட்டுக்காரர்கள்: ஒரே ஓர் இசைத்தட்டோடு நின்றவர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முதலாமவர் இரண்டாம் முறை முயன்று கேட்பவர்களால் கைவிடப்பட்டவர். இரண்டாமவருக்கு அந்த இரண்டாம் முயற்சியே வாய்க்கவில்லை. அதற்கான காரணத்தைக் கேட்பவர்களின் ரசனையில் தேடுவது வீண். தட்டு அச்சான தொழிற்சாலையிலும் அவர்களுக்குச் சம்பளம் தந்த இடத்திலும்தான் தேட வேண்டும்.

கல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் இன்று இருக்கும் நியூ டவுன் அன்று ராஜார்ஹாட் பகுதியின் நெல்வயல்களும், 'பேரி' எனப்படும் மீன்வளர்ப்பு ஏரிகளும்தான். அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி டம்டம்மில் எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை. 1908-இல் சியால்டாவில் தட்டு அச்சிடத் தொடங்கிய அந்தக் கம்பெனி பின்னர் இங்கே இடம்பெயர்ந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் ஓடிய எச்.எம்.வி., கொலம்பியா இசைத்தட்டுகளும் பெரும்பாலும் இங்கிருந்து ரயிலேறியவைதாம். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் அறுபதுகளின் நடுப்பகுதியில்கூட 78 சுழற்சி அரக்குத் தட்டுகளாக இங்கே அச்சாயின. மேலைநாடுகள் கைவிட்டுவிட்ட வடிவம் அது. மின்சாரம் எட்டாத இடங்களில் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் இன்னும் இருந்ததால் இந்தியாவில் அதற்கு ஆயுள் நீண்டது. சேகரிப்பாளர்கள் இன்று அந்தத் தட்டுகளுக்கு அலைகிறார்கள்.

தட்டு அச்சாகும் முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பாடியதை முதலில் மூலத்தட்டில் வெட்டுவார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்துப் பிரித்தெடுத்து, அதிலிருந்து அழுத்தும் அச்சைச் செய்வார்கள். தட்டின் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் அச்சு. இருநூறு பிரதி எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும் முதல் அச்சு வரை ஆகும் செலவு ஒன்றே. அப்படியிருக்க, திரைப்பாட்டுக்கும் துர்கா பூஜையையொட்டி வரும் பாட்டுக்கும் அச்சு ஏற்றாமல், நகரத்துச் சில ஆயிரம் பேர் மட்டும் கேட்கக்கூடிய ஆங்கிலப் பாட்டுக்கு ஏன் ஏற்ற வேண்டும்? நாட்டின் தட்டு வணிகம் கிட்டத்தட்ட ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தபோது இந்தக் கணக்கை மறுத்துப் பார்க்க வேறு கடையும் இல்லை. போட்டித் தட்டு நிறுவனமான பாலிடோர் இந்தியாவுக்குள் வந்தபோது பத்தாண்டு முடியும் தறுவாயில் இருந்தது.

வாசலைத் திறந்துவிட்டது ஒரு சிகரெட் நிறுவனம். கல்கத்தா சௌரங்கியில் தலைமையகம் கொண்டிருந்த இம்பீரியல் டொபாக்கோ, தன் 'சிம்லா' சிகரெட்டை விற்க அகில இந்திய அளவில் 'சிம்லா பீட்' போட்டியை நடத்தியது. கலந்துகொண்ட குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து 1970-க்கு ஒன்றும் 1971-க்கு ஒன்றுமாக இரண்டு எல்.பி. தட்டுகள் வந்தன. கல்கத்தாவின் கிரேட் பேர், சென்னையின் கன்ஃபியூஷன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் ஆகியோருக்கு அவற்றில் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு. பல குழுக்களைப் பொறுத்தவரை கையில் மிஞ்சிய ஆவணம் இதுதான். தட்டு அவர்களுக்குப் பரிசாக வந்தது, தொழிலாக வரவில்லை. அடுத்த ஆண்டு பரிசு வேறொருவருக்குப் போகும். விளம்பரத்துக்காகப் பிறந்த தட்டு விளம்பரத்தோடு முடிந்துபோனதில் வியப்பில்லை.

தட்டில் உள்ளவை எல்லாம் சொந்தப் பாட்டுகளும் அல்ல. டைனோசார்ஸ் பாடிய 'சினிஸ்டர் பர்பஸ்' அமெரிக்கக் குழுவான க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவலுடையது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் பார்க் ஸ்ட்ரீட்டின் கூலிமுறையை மறந்துவிடுகிறார்கள். டிரிங்காஸ், மூலான் ரூஜ் போன்ற இடங்களில் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தது லண்டனிலும் நியூயார்க்கிலும் இந்த வாரம் எது ஓடுகிறதோ அதை வாசிப்பதற்குத்தான். அயல்நாட்டுப் பட்டியல் கல்கத்தாவுக்கு வேலைப் பட்டியலாக வந்து சேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: சொந்த ஊரில் மறக்கப்பட்ட ஒரு வெற்றிக்காரர்களின் பாட்டுகளுக்கு இங்கே ஆயுள் கூடியது. நியூ டவுன் மதுக்கூடங்களில் 'ரெட்ரோ' இரவு என்ற பெயரில் நடப்பதும் அந்த மரபின் நீட்சிதான்.

அதே பார்க் ஸ்ட்ரீட் மேடையில் நின்று நீண்ட வாழ்க்கை அமைத்துக்கொண்டவரும் உண்டு. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், சென்னை அண்ணாசாலையின் நைன் ஜெம்ஸில் பட்டுப்புடவையோடு பாடித் தொடங்கி, டிரிங்காஸுக்கு வந்தார். குரல் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட முக்கியம், அவர் ஆங்கிலத்திலேயே தங்கிவிடவில்லை. திரைப்படம், வங்காளம், இந்தி என்று தட்டு அச்சாகும் பக்கமாக நகர்ந்தார். குழுக்களால் அப்படி நகர முடியவில்லை. கிடாரும் பெருக்கியும் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கின. நக்சல்பாரி கிளர்ச்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாலை நேர நகரம் ஒடுங்கியது. கேளிக்கை வரியின் சுமையும் கூடியது. மேடையில் பெரும்பங்கு வகித்த ஆங்கிலோ-இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினர்.

கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கை மாற்றுகிறது. அனூப் கோஷாலை எடுத்துக்கொள்வோம். 1969-இல் சத்யஜித் ராயின் 'கூபி கைன் பாகா பைன்' படத்தில் கூபியின் குரல் அவருடையது. வங்காளிகளுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. கவிஞர் நஸ்ருலின் பாட்டுகளான நஸ்ருல் கீதியில் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்தவர். 2011-இல் உத்தர்பாரா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். இந்தி கேட்பவர்களுக்கோ 1983-இல் வந்த 'மாசூம்' படத்தின் ஒரு பாட்டோடு அவர் முடிந்துபோகிறார். ஒரே மனிதர், இரண்டு ஊர்க் கணக்கு.  

தட்டு எண்ணிக்கையை வைத்துப் பேசும் என் வாதத்துக்கே முரண்டுபிடிப்பவர் கௌதம் சட்டோபாத்யாய். பார்க் ஸ்ட்ரீட்டில் 'தி அர்ஜ்' குழுவில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர், நக்சல் அரசியலில் சிறை கண்டு, எழுபதுகளின் நடுவில் 'மஹீனேர் கோராகுலி' குழுவைத் தொடங்கினார். 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று தட்டுகள் வந்தன. மூன்றும் பெரிதாக விற்கவில்லை. தட்டு கிடைத்தும் வெற்றி கிடைக்காத நிலை இது. 1995-இல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியை ஒட்டி வந்த தொகுப்புதான் கல்லூரி மாணவர்களிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. அவர் 1999-இல் இறந்தார். 2006-இல் இசையமைப்பாளர் பிரீதம் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் அந்தக் குழுவின் 'ப்ரித்திபி' பாட்டின் மெட்டைப் பயன்படுத்தியபோது, நாடு முழுவதும் அதை ஒரு புதிய இந்திப் பாட்டாகவே கேட்டது.