ஊருக்குப் போனால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

போன மே மாதம் பத்து நாள் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், பால்கனியில் இருந்த பதினோரு தொட்டியில் நான்குதான் பிழைத்திருந்தன. சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு தொட்டியிலும் கவிழ்த்து வைத்திருந்தேன். புதுச்சேரி வெயிலுக்கு அது ரெண்டு நாள்கூட வந்திருக்காது. செத்ததில் ஒன்று அம்மா வைத்த அடுக்குமல்லி. அம்மா இப்போது இல்லை.

மனசு ஆறாமல் படிக்க ஆரம்பித்தேன். நமக்குப் பத்து நாள். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போன செடிகளை எப்படிக் காப்பாற்றினார்கள்?

பதில் தேடிப் போனால் நம்ம ஊருக்கே வந்து நின்றது. மறைமலை அடிகள் சாலையில் இருக்கும் தாவரவியல் பூங்கா, பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் அமைத்தது. அந்தப் பூங்காவோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் அரசத் தோட்டத்தில் தோட்டக்காரராக இருந்தவர். 1830-களில் இங்கே வந்தார், நீலகிரியில் செடி சேகரித்தார், 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

இங்கே வருவதற்கு முன்பு, 1819 முதல் 1821 வரை, கேப்டன் பிலிபெரின் கப்பல் பயணத்தில் செடிகளைக் கவனித்துக்கொள்வதுதான் இவர் வேலை. தென்னமெரிக்காவின் கயானா, ரீயூனியன் தீவு, ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றிய பயணம். கொண்டுபோன செடிகளில் வனிலாக் கொடியும் உண்டு. கப்பலில் செடிக்கு எதிரிகள் நிறைய: உப்புக்காற்று, வெயில், எலி. எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை நல்ல தண்ணீர். மனுஷனுக்கே அளந்துதான் கொடுப்பார்கள். 1720-களில் மார்த்தினிக் தீவுக்குக் காப்பிச் செடி கொண்டுபோன தெ கிளியூ, தன் பங்குத் தண்ணீரைச் செடியோடு பகிர்ந்துகொண்டதாகப் பின்னாளில் எழுதினார்.

பெரோத்தே 1824-ல் வெளியிட்ட செடிப் பட்டியலின் நீண்ட தலைப்பிலேயே, பாரிஸுக்கு 'உயிரோடு' கொண்டுவந்த செடிகள் என்று வருகிறது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை நாள் தூக்கம் போயிருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அதற்கப்புறம்தான் கண்ணாடிப் பெட்டி வந்தது. லண்டன் டாக்டர் வார்டு, 1829-ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டைப் பாட்டிலில் ஈரமண்ணோடு மூடி வைத்தார். அதில் பெரணியும் புல்லும் முளைத்தன. இலை விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கியதால், தண்ணீர் ஊற்றாமலே வருஷக்கணக்கில் வாழ்ந்தன. 1833-ல் இதே மாதிரி பெட்டிகளில் அனுப்பிய செடிகள் சிட்னிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் பெட்டி மட்டும் போதாது. 1860-ல் மார்க்கம், பெரு நாட்டிலிருந்து சிங்கோனா கன்றுகளை இந்தப் பெட்டிகளில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். செங்கடல் வெயிலில் வாடிய கன்றுகள் ஊட்டி வந்தும் பிழைக்கவில்லை. மூடிய கண்ணாடிக்குள் வெயில் பட்டால் உள்ளே அடுப்புதான். (பிளாஸ்டிக் கவர் போட்டுச் செடியை மூடிவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: நிழலில் வையுங்கள்.)

இதையெல்லாம் படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான். பாட்டில், திரி, கண்ணாடிப் பெட்டி எல்லாமே கூட இருக்கும் ஆளுக்குப் பதிலாக நாம் வைக்கும் ஏற்பாடு. கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். இன்னொன்று, அந்தக் காலத் தோட்டக்காரர்கள் ஒரு செடியை ஒரே இடத்தில் நம்பி வைக்கவில்லை. பெரோத்தேயின் பட்டியலே ரீயூனியன், கயானா, பாரிஸ் என்று மூன்று இடத்தைச் சொல்கிறது. ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும்.

இந்த வருஷம் ஊருக்குப் போகும்போது தொட்டிகளை நிழலுக்கு நகர்த்திவிட்டு, எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தேன். மல்லி போன கதையையும் சொன்னேன்.

"அட, இதுக்கா வருத்தப்படறீங்க? உங்கம்மா எனக்கு ஒரு பதியம் போட்டுக் கொடுத்தாங்களே, மாடியில இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பூத்திருந்தது.