குறுகிய கால இடைக்கடன்

குறுகிய கால இடைக்கடன் என்பது, பின்னர் வரவேண்டிய தொகை ஒன்று கைக்கு வந்து சேரும்வரை ஏற்படும் பணத்தேவையை ஈடுசெய்யச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையிலான தவணையில் வழங்கப்படும் கடன் ஆகும். பெருநகரங்களில் பழைய வீட்டை விற்குமுன் புதிய வீடு வாங்குவோர் இதனைப் பெறுவதுண்டு. தமிழகத்தின் தேனி மாவட்டத்தில், குறிப்பாகப் போடிநாயக்கனூரிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும், இக்கடன் ஏலக்காய் வணிகத்தோடு பின்னிப் பிணைந்தது. இங்கு வங்கிகள் மட்டுமன்றித் தனியாரும் தம் சேமிப்பை இவ்வகையில் கொடுத்து வைக்கின்றனர்.

ஏலக்காய் வணிகத்தில்

போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களைச் சேர்ந்த பலருக்கு மலையின் மறுபுறம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் உள்ளன. உரம், மருந்து, கூலி ஆகிய செலவுகள் ஆண்டு முழுவதும் உண்டு. காய் எடுப்போ பெரும்பாலும் ஆடிக்குப் பின் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடைபெறும். உலர்த்திய காய், நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடைபெறும் ஏலங்களுக்கு வருகிறது. போடியில் 2007 முதல் மின்னணு முறையில் ஏலம் நடக்கிறது. ஏலம் முடிந்தவுடன் பணம் கைக்கு வருவதில்லை. சில நாட்கள் கழித்தே வரும். செலவுக்கும் வரவுக்கும் உள்ள இந்த இடைவெளியே கடனுக்கு இடம் தருகிறது. வரப்போகும் காயைக் காட்டி முன்பணம் பெறுவதும், புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கைமாற்றாகப் பெறுவதும் வழக்கம்.

ஈட்டம்

கடன் கொடுப்பவருக்கு உள்ள முதன்மையான நன்மை, வங்கி வைப்பை விடக் கூடுதலான வட்டி. நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. தவணை குறுகியது என்பதால் முதலைத் திரும்பப் பெற்று வேறொருவருக்குக் கொடுக்கவும் இயலும். தண்டல் முறையில் வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னரே கழித்துக்கொண்டு, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாட்கள் வசூலித்தால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

இடர்கள்

இக்கடனின் பாதுகாப்பு, கடனாளி எதிர்பார்க்கும் தொகை குறித்த காலத்தில் வருவதைப் பொறுத்தது. அத்தொகை வராவிடில் குறுகிய காலக் கடன் தானாகவே நீண்டகாலக் கடனாகிவிடும். 2018இன் பெருவெள்ளத்தால் இடுக்கித் தோட்டங்கள் பாதிக்கப்பட்டன. 2019 ஆகத்து மாதம் புற்றடி ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் என்னும் உச்ச விலை பதிவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உயர்ந்த விலையை நம்பிக் கொடுத்த கடனுக்குக் காய் மூட்டை ஈடாகாமற் போவது இப்படித்தான். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கினால் ஏலங்களே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நின்றுபோயின. காய் இருந்தும் அதனை அங்கு விற்க வழியில்லை.

தலா ஒரு இலட்சம் ரூபாயை 2 ரூபாய் வட்டிக்குப் பத்துப் பேருக்கு மூன்று மாதங்களுக்குக் கொடுத்தால், ஒவ்வொருவரிடமும் 6,000 ரூபாய் வட்டி கிடைக்கும். பத்தாமவர் முழுதும் ஏமாற்றிவிட்டால் மற்ற ஒன்பது பேர் தந்த 54,000 ரூபாயும் போய், மேலும் 46,000 ரூபாய் இழப்பு நேரும். ஏமாற்றாமல் தாமதித்தாலும் ஈட்டம் கரையும்: அதே 6,000 ரூபாய் பதினைந்து மாதங்கள் கழித்துக் கிடைத்தால் ஆண்டு வருவாய் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கடனாளிகள் அனைவரும் ஏலக்காயையே நம்பியிருந்தால், விலை வீழும்போது ஒருவர் அல்ல, பலர் ஒருசேரத் தவறுவர்.

தோட்டத்தை ஈடாகப் பெறுவதிலும் சிக்கல் உண்டு. ஏலமலை நிலங்கள் காட்டு நிலமா வருவாய் நிலமா என்பது நெடுநாள் வழக்கில் உள்ளது. மேலும் அடமான நிலத்தின்மீது வழக்குத் தொடுக்க, நிலம் அமைந்துள்ள இடுக்கி மாவட்ட நீதிமன்றங்களையே நாடவேண்டும்.

சட்டநிலை

வட்டித் தொழில் செய்வோர் தமிழ்நாடு கடன் கொடுப்போர் சட்டம், 1957இன்படி உரிமம் பெறவேண்டும். திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேசுவரன் 2003 மே மாதம் இறந்ததை அடுத்துத் திரைத்துறையின் கடன் வட்டி பெரும் விவாதமாயிற்று. அவ்வாண்டே அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியன இச்சட்டத்தில் பெயர் குறிப்பிட்டே தடை செய்யப்பட்டுள்ளன. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். ஊரில் இயல்பாகப் பேசப்படும் வட்டியே அரசு அறிவித்த உச்ச விகிதத்தைத் தாண்டுவதுண்டு. அத்தகைய வட்டியை நீதிமன்றத்தின் வழியாகப் பெறமுடியும் என்று நம்புவதற்கில்லை.

புரோநோட்டின் பேரில் மூன்றாண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும். காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடனாளிக்கு அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்தபின் பணம் செலுத்த 15 நாட்கள் அளிக்கவேண்டும். அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

நேரடியாகக் கடன் கொடுக்காமல் நிதி நிறுவனத்தில் பணம் இடுவோருக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; இதற்கான தனி நீதிமன்றம் மதுரையில் உள்ளது. வங்கி வைப்புக்கு உள்ள 5 இலட்சம் ரூபாய்க் காப்பீடு இவற்றுக்குக் கிடையாது.