நெற்றியில் கேமரா, கையில் பாயின்ட்: நூறு வருஷத்துக் கதை

1/ போன மாசம் கழுத்து வலின்னு ஒரு அக்கா ஓபிக்கு வந்தாங்க. "பாரம் ஏதாவது தூக்குறீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "நெத்தியில பட்டை கட்டி, அதுல போனை மாட்டிக்கிட்டு வேலை செய்யுறேன் சார்"னாங்க.

2/ ஒரு ஆப். பாத்திரம் கழுவுறது, துணி மடிக்கிறது, வெங்காயம் நறுக்குறதுன்னு வீட்டு வேலையைப் படம் பிடிச்சு அனுப்பினா பாயின்ட். ஏழு நாள் விடாம அனுப்பினா போனஸ். பாயின்ட் சேர்ந்தா பணம். "யாருக்கு இந்த வீடியோ?" "ரோபோவுக்குக் கத்துக்குடுக்கவாம் சார்."

3/ போன் 200 கிராம்தான். ஆனா குனிஞ்சே இருக்கிற கழுத்துக்கு அதுவும் பாரம். மருந்தும் பயிற்சியும் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா மக்களே, இந்தக் கதை நேத்து ஆரம்பிச்சது இல்லை. எங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயும் ஒருமுறை வந்துட்டுப் போயிருக்கு.

4/ அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒருவர். கொத்து வேலையில் ஆரம்பித்தவர். ஒரு செங்கல்லை வைக்க கொத்தனார் 18 அசைவு செய்கிறார் என்று கவனித்து, அதை 5 ஆகக் குறைத்தார். செங்கல் இடுப்பு உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டாம், அவ்வளவுதான். மணிக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள்.

5/ 1912 வாக்கில் அவர் சினிமா கேமராவைக் கையில் எடுத்தார். வேலை செய்பவரையும் பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடிப்பார். விரலில் குட்டி பல்பு கட்டி, கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் பதிவு செய்வார். அன்றாட வேலையைக் கேமராவில் பதிந்து ஆராய்வதற்கு இவர்தான் முன்னோடி.

6/ அப்புறம் சர்ஜன்களைப் படம் பிடித்தார். கருவியைத் தேடுவதிலேயே டாக்டரின் நேரம் எவ்வளவு வீணாகிறது என்று காட்டினார். இன்னைக்கு நாங்க கையை நீட்டினா சிஸ்டர் கத்திரியை உள்ளங்கையில வைக்கிறாங்களே, அந்த முறை பரவினதுல இவருக்குப் பெரிய பங்கு உண்டு. கொத்தனாருக்கு சித்தாள் மாதிரி! நல்ல விஷயம்தான்.

7/ ஆனா எல்லாரும் கைதட்டலை. 1911 ஆகஸ்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலை. ஃபிரெடெரிக் டெய்லரின் முறைப்படி, வார்ப்படத் தொழிலாளர் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து நின்றார். சீக்கிரம் முடித்தால் போனஸ் உண்டு. இருந்தும் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

8/ "எங்களைக் கேட்காம எங்களை எப்படி அளக்கலாம்?" என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், விசாரணை நடந்தது. சில ஆண்டுகளில் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்சால் அளப்பதற்கும், அதை வைத்து போனஸ் கொடுப்பதற்கும் அரசுப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்றே தடை வந்தது. அளவு, வெகுமதி இரண்டுக்குமே தடை. கவனிங்க.

9/ கில்பிரெத் வீட்டிலேயும் ஒரு விளையாட்டு நடந்தது. 12 பிள்ளைகள். பல் தேய்த்ததும், குளித்ததும் குளியலறையில் மாட்டியிருக்கும் அட்டவணையில் அவரவர் கையெழுத்துப் போடணும். வீட்டு வேலைகளுக்கு டெண்டர் விடுவார் அப்பா! வேலியில் பெயின்ட் அடிக்க 47 சென்ட் கேட்ட எட்டு வயது மகள், கை கொப்பளித்தும் முடித்தாள். பேசிய கூலிக்கு மேல ஒரு சென்ட்கூடத் தராத அப்பா, ரோலர் ஸ்கேட்ஸ் பரிசளித்தார். அவர் பிள்ளைகளே 1948ல் வெளியான புத்தகத்தில் இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்காங்க. அந்த அட்டவணை வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகலை என்பதுதான் முக்கியம்.

10/ அடுத்த திருப்பம் 2003. லூயிஸ் வான் ஆன் என்ற ஆராய்ச்சி மாணவர், கார்னெகி மெலன் பல்கலைக்கழகம். அவர் உருவாக்கியது ஈஎஸ்பி கேம். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒரே படம் வரும். இருவரும் ஒரே வார்த்தையை டைப் பண்ணா பாயின்ட். நாலே மாசத்தில் 13,630 பேர் விளையாடி, சுமார் 12.7 லட்சம் பெயர்க்குறிப்புகள் சேர்ந்தன. கம்ப்யூட்டருக்குப் படத்தில் என்ன இருக்கு என்று சொல்லித் தரும் வேலை அது. கூலி? விளையாட்டின் சந்தோஷம் மட்டும். 2006ல் கூகுள் அதே விளையாட்டை உரிமம் வாங்கி நடத்தியது.

11/ இப்போ ரோபோக்களின் முறை. 2021ல் ஈகோ4டி என்ற தொகுப்பு அறிவிக்கப்பட்டது. 9 நாடுகளில் மக்கள் தலையில் கேமரா மாட்டி எடுத்த 3,670 மணி நேர அன்றாட வாழ்க்கை. ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்களும் அதில் உண்டு. 2025ல் நம்ம கரூரிலேயே, நெற்றியில் கேமராவோடு துண்டு மடித்துக் காட்டுவது சம்பள வேலையாக நடப்பதாகச் செய்தி வந்தது. துண்டு நெய்த ஊர், துண்டு மடிக்க ரோபோவுக்குப் பாடம் எடுக்குது.

12/ ஆக, பதிவு செய்றது தப்பா? இல்லவே இல்லை. அன்னைக்கு ஸ்டாப்வாட்ச் வந்தப்போ தொழிலாளிக்கு எதிரே நிற்பவர் யார்னு தெரிஞ்சது. எதிர்த்துக் கேட்க முடிஞ்சது. இன்னைக்கு ஸ்டாப்வாட்சை நாமே நெத்தியில கட்டிக்கிறோம். பாயின்ட் ஏறுற சந்தோஷத்துல, யார் பார்க்கிறாங்கன்னு கேட்கத் தோணுறது இல்லை.

13/ அந்த அக்கா மறுபடி வந்தப்போ "விட்டுடலாமே?"ன்னேன். "அந்தக் காசுலதான் சார் சிலிண்டர் வாங்குறேன்"னாங்க. அதுக்கு மேல விடச் சொல்ல எனக்கு மனசு வரலை. பதிலா, போனை எடுத்து ஒரு வீடியோவைச் சேர்ந்து பார்த்தோம். அலமாரியில மாமியாரோட மாத்திரை அட்டை. ஓரத்துல பையன் சட்டை மாத்துறான். அக்கா அதைக் கவனிச்சதே இல்லை.

14/ ஒரு நோயாளியைப் படம் பிடிக்கணும்னா நாங்க சம்மதம் வாங்கியே ஆகணும். அதே கேள்விகளை நீங்களும் கேளுங்க:
- வீடியோ யாருக்குப் போகுது? வேற கம்பெனிக்கு விற்பாங்களா?
- வேண்டாம்னா அழிக்க முடியுமா? 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்துல, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை எழுதப்பட்டிருக்கு.
- வீட்டுல மத்தவங்க சம்மதிச்சாங்களா? குழந்தைகள், மருந்துச் சீட்டு, ஆதார் எதுவும் படத்துல வர வேண்டாம்.
- பாயின்ட்டோட மதிப்பைத் திடீர்னு குறைச்சா யார்கிட்ட கேட்பீங்க?

15/ கடைசிக் கேள்விக்கு அந்த அக்காகிட்ட பதில் இல்லை. வாட்டர்டவுன் தொழிலாளிக்கு ஒரு சங்கமாவது இருந்தது. இப்போ அக்கா சமையலறையில் எடுப்பதை நிறுத்திட்டு, துணி மடிக்கிறதை மட்டும் அனுப்புறாங்க. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டையைக் கழட்டுறாங்க. கழுத்து வலி குறைஞ்சிருக்கு.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படி அனுப்பினா, ஒரு வீடியோவை அவங்களோட உட்கார்ந்து பாருங்க.