தகவலுக்கான நகல்: நியூ ஜெர்சி நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

நியூ ஜெர்சி மாநிலத்து நகராட்சிகளின் சுற்றுச்சூழல் குழுக்கள் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைபவை. ஒவ்வொன்றிலும் 5 முதல் 7 உறுப்பினர்கள் இருப்பர். அனைவரும் அவ்வூரில் குடியிருப்போர். இக்குழுக்கள் கருத்துச் சொல்லலாம், கட்டடத்தைத் தடுக்க முடியாது. எனவே நகரமைப்பில் இவை வெறும் அலங்காரம் என்பது ஆய்வுகளில் நெடுநாளாக வழங்கிவரும் முடிவு. இம்முடிவுக்கு அளவுகோலாக நிற்பது மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கு 1957இல் சட்டவடிவம் பெற்ற பாதுகாப்புக் குழுக்கள், பின்னர் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை ஊர் அளவில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பையும் ஏற்று, அனுமதியை மறுக்கும் அதிகாரம் பெற்றன. இந்த ஒப்பீட்டில் தகவல் பிழை இல்லை. ஆனால் அனுமதி வழங்கும் நாளில் முத்திரை யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

அலங்காரம் என்போர் பெரிதும் சார்ந்திருப்பது, 1975ஆம் ஆண்டின் நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவை. அதன் இரண்டாம் உட்பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது. சுற்றுச்சூழல் குழு தன் நகராட்சியின் இயற்கை வளங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்து, நகரமைப்பு வாரியத்திடமும் மண்டல விதிகளுக்கு விலக்களிக்கும் வாரியத்திடமும் அளித்திருக்க வேண்டும். அளித்துவிட்டால், அவ்விரு வாரியங்களுக்கும் வரும் ஒவ்வொரு மேம்பாட்டு விண்ணப்பத்திலும் தகவலுக்கான நகல் ஒன்று குழுவுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யத் தவறினாலும் விசாரணையோ நடவடிக்கையோ செல்லாததாகிவிடாது.

இந்த மூன்றாவது செய்தியே எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதாக முந்தைய வாசிப்பு கொள்கிறது. ‘தகவலுக்காக’ என்று வரும் நகல் கோப்பில் உறங்கப்போவது என்பது அலுவலகம் அறிந்த எவருக்கும் தெரியும். ஆகவே அந்த வாசிப்பு எழுந்ததில் வியப்பில்லை. எனினும் விதியின் அமைப்பு அதற்கு முழுதும் இடம் தரவில்லை. நகல் தர வேண்டும் என்பது கட்டாயமாகவே சொல்லப்பட்டுள்ளது. விலக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு விளைவு, அதாவது நடவடிக்கை செல்லாததாவது. ஒரு நகல் போய்ச் சேரவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பதாரர் பெற்ற ஒப்புதல் கவிழக் கூடாது என்பதே இதன் நோக்கமாகத் தோன்றுகிறது. கடமையே இல்லை என்றால் அதை மீறுவதன் விளைவைத் தனியாக விலக்கவேண்டிய தேவை எழுந்திராது.

அதே பிரிவின் முதல் உட்பிரிவு இதற்கு வலுச் சேர்க்கிறது. நகரமைப்பு வாரியத்துக்குத் துணையாகக் குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்றை மேயர் நியமிக்கலாம் என்றும், அவ்வாறு நியமிக்கப்படுவோருக்கு வாக்குரிமை கிடையாது என்றும் அது கூறுகிறது. சுற்றுச்சூழல் குழுவைப் பற்றிய இரண்டாம் உட்பிரிவில் அத்தகைய மறுப்பு இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டமோ குழு உறுப்பினர் ஒருவர் நகரமைப்பு வாரியத்திலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது. வாரியத்தில் அவர் வாக்களிக்கும் உறுப்பினர். இரு அமைப்புகளும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வருவதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது முந்தைய ஆய்வின் அடிப்படைப் பிழை. ஒன்று ஆள்மீது நிற்கிறது. மற்றொன்று ஆவணத்தின்மீது நிற்கிறது. மேயரின் விருப்பத்தால் வந்தவருக்கு அந்த விருப்பமே எல்லை. அட்டவணையை ஒப்படைத்த குழுவுக்கு நகல் பெறும் உரிமை சட்டத்திலிருந்தே வருகிறது.

ஆவணம் முதன்மை பெறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2010இல் இயற்றப்பட்டு 2011 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சுகாதாரமும் பொதுப் பாதுகாப்பும் தொடர்பான விதிகள் நீங்கலாக, விண்ணப்பம் அளிக்கப்பட்ட நாளில் இருந்த விதிகளே அந்த விண்ணப்பத்தை ஆளும். அதற்கு முன், முடிவெடுக்கும் நாளில் உள்ள விதியே பொருந்தியது; விண்ணப்பத்தைக் கண்டபின் நகராட்சி விதியைத் திருத்தவும் முடிந்தது. அந்த வழி பெரும்பாலும் அடைபட்ட பிறகு, சதுப்பு நிலத்தையோ ஓடைக்கரையையோ காக்க விரும்பும் குழுவின் வேலை விண்ணப்பம் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அட்டவணையில் பதிவானது முழுமைத் திட்டத்தின் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து மண்டல விதியாக மாறியிருந்தால், விசாரணை நாளில் குழு வாய் திறக்காவிட்டாலும் அதன் சொல் விதியாக நிற்கும். முத்திரையை மட்டும் பார்த்த ஆய்வுக்கு இது புலப்படவில்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குழு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல், தனியாருக்கோ பொதுவுக்கோ உரிய திறந்தவெளிகளைப் பற்றியது; சதுப்பு நிலங்களும் பிற ஈரநிலங்களும் அதில் அடங்கும். 27ஆம் பிரிவு கேட்பது இயற்கை வளங்களின் அட்டவணை. இரண்டும் ஒன்றே எனக் கொள்வது பாதுகாப்பானதன்று. முன்னதன்மேல் பின்னது கட்டப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நலம். குழுவுக்குப் போதிய நிதி இல்லை, உறுப்பினர்கள் வல்லுநர்கள் அல்லர் என்னும் வாதங்கள் இங்கே பொருந்தா. அவை குழுவின் திறனைப் பற்றியவை, சட்ட நிலையைப் பற்றியவை அல்ல.

நியூயார்க்கின் ஏற்பாடும் இதே திசையில் செல்கிறது. அங்குப் பாதுகாப்பு ஆலோசனை மன்றம் தயாரித்த திறந்தவெளிப் பட்டியலை உள்ளாட்சி ஏற்றுக்கொண்ட பிறகு, அம்மன்றத்தைப் பாதுகாப்பு வாரியமாக அறிவிக்கலாம். பட்டியலில் உள்ள நிலம் பற்றிய விண்ணப்பங்களை ஆராய்ந்து 45 நாள்களுக்குள் எழுத்து வடிவில் அறிக்கை தருவது அவ்வாரியத்தின் கடமை. நியூ ஜெர்சியில் அத்தகைய காலக்கெடுவோ கட்டாய அறிக்கையோ 27ஆம் பிரிவில் இல்லை. ஆனால் நுழைவாயில் இரு மாநிலங்களிலும் ஒன்றே: முதலில் ஆவணம் வேண்டும். நியூ ஜெர்சியில் அட்டவணையை ஒப்படைக்காத குழு, 27ஆம் பிரிவின்கீழ் ஒரு விண்ணப்பத்தின் நகலைக்கூடக் கேட்க முடியாது.