பதிப்பெண் வரிசையும் முன்வெளியீடும்

மென்பொருள்களுக்குப் பதிப்பெண் இட்டு வழங்கும் முறையை ஆராயப்புகுவார், அவ்வெண்கள் வெறும் அடையாளங்கள் அல்ல என்பதை விரைவில் உணர்வர். பழைய பதிப்பை நீக்கிப் புதியதை நிறுவும் பணியைக் கணினியே செய்கின்றது. இரண்டனுள் எது பிந்தியது என்பதை அது பிறழத் துணியுமாயின், திருத்திய பதிப்பு வந்த பின்னும் பிழை மலிந்த வரைவே நிலைத்துவிடும்.

1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் தொகுப்பின் விதியை நோக்குவோம். பதிப்பெண்ணை எண்ணல்லாத பகுதி, எண் பகுதி என மாறிமாறிப் பிரித்து அது ஒப்பிடும். எண்கள் எண்களாகவே மதிக்கப்படுதலின் 1.9இன் பின்னரே 1.10 வரும். ஒன்று முடிந்த இடத்தில் மற்றதில் எழுத்துத் தொடருமாயின், தொடர்வதே பிந்தியது. இஃது அகராதி முறையேயாம். ‘கல்’ முன்னும் ‘கல்வி’ பின்னும் நிற்றல் காண்க.

இடர்ப்பாடு முன்வெளியீட்டிலேயே எழுந்தது. 1.0 வெளிவருமுன் சோதனைக்கு விடப்படுவதை ஆக்கியோர் 1.0ஆர்சி1 என்பர். காலத்தால் முந்திய இது நீளத்தால் பிந்தியதாயிற்று! இதனை நிறுவியவரின் கணினி, பின்னர் வந்த 1.0ஐப் பழையதென ஒதுக்கிற்று. பதிப்பெண்ணின் முன் ‘1:’ என ஓர் ஊழியெண் சேர்த்தால் இது தீரும். ஊழியெண் பிற அனைத்தையும் வெல்லும். ஆயினும் ஒருமுறை சேர்த்ததைப் பின்னர் நீக்கலாகாது. நீக்கின் அடுத்து வருவனவெல்லாம் பழையனவாகத் தோன்றும். ஒருநாட் பிழைக்கு ஆயுட்காலச் சுமை இது.

டெபியன் அறிஞர் பின்னர்க் கண்ட வழி எளியது. அலைக்கோடு எனும் ‘~’ குறி, எழுத்து எதுவுமில்லாத வெறுமைக்கும் முற்பட்டது என விதித்தனர். ஆகவே 1.0~ஆர்சி1 என்பது 1.0க்கு முன் சென்றது. பூச்சியத்திலும் குறைந்த எண்ணைக் கணிதம் ஏற்றமை போன்றது இது. இவ்வரலாற்றில் யாம் மிக வியப்பதும் இதனையே. றெட் ஹற் மரபின் ஆர்பிஎம் இக்குறியை 2012இல், தன் 4.10ஆம் பதிப்பில், ஏற்றது. அதற்கு முன் அம்மரபினர் முன்வெளியீட்டுக் குறிப்பை வெளியீட்டெண்ணில் 0 எனத் தொடங்கி அடக்கி வந்தனர்.

டொம் பிரெஸ்ரன்-வேணர் வகுத்த பொருண்மைப் பதிப்பெண் விதியின் 2.0.0ஆம் வடிவம் 2013இல் வெளிவந்தது. அதில் இணைகோடே முன்வெளியீட்டின் குறி, 1.0.0-பீற்றா.11 என்பது பீற்றா.2இன் பின்னும் 1.0.0இன் முன்னும் நிற்கும். டெபியனிலோ இணைகோடு மூலப் பதிப்பையும் பொதி திருத்தெண்ணையும் பிரிப்பது. ஆகலின் அங்கே பொதி கட்டுவோர் அதனை அலைக்கோடாக மாற்றுதல் வேண்டும். மறந்தவர் பெரும்பாலும் மீண்டும் ஊழியெண்ணையே நாடுவர்.