தேவிகுளம் மேடையும் புடாபெஸ்ட் இசைக்குழுவும்

பிராட்வே பாடகர் ஒருவர் சிம்பொனி இசைக்குழுவின் முன்னே நின்று பாடும்போது, அரங்கின் கண்கள் அவர்மீதும் இசை நடத்துநரின் கைக்கோல்மீதுமே பதிந்திருக்கும். மேடையில் தோன்றாத மூன்றாமவர் ஒருவரும் உண்டு. எந்தச் சொல்லில் வயலின்கள் எழ வேண்டும், எவ்விடத்தில் குழல்கள் ஒதுங்கிக் குரலுக்கு வழிவிட வேண்டும் என்று தாளில் எழுதித் தந்தவர் அவர். பிராட்வேயில் மெட்டமைப்பவர் ஒருவர், அதை இசைக்குழுவுக்கு விரித்தெழுதுபவர் வேறொருவர் என்பதே பெருவழக்கு. 1943இல் அரங்கேறிய 'ஓக்லஹோமா!' நாடகத்துக்கு மெட்டமைத்தவர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். இசைக்குழுவுக்கு எழுதியவர் ராபர்ட் ரஸ்ஸல் பென்னட்.

தமிழ்த் திரையிசையிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ். விசுவநாதனின் மெட்டுகள் ஆர்மோனியத்தில் பிறந்தன. அவற்றை வாத்தியங்களுக்குப் பகிர்ந்தளிப்பதில் உதவியாளர்களின் பங்கு பெரிது. மெட்டும் இசைக்குறிப்பும் ஒரே கையிலிருந்து வரும் முறையைத் தமிழில் நிலைநிறுத்தியவர், அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலிருந்து வந்தார். இடுக்கி மலைகளின் கிழக்கடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்.

அவருடைய முதல் இசைப்பள்ளி எது என்ற வினாவுக்கு விடை, மலையின் மேலே இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரே பெருந்திரளாக இருந்தனர். தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தும், 1956 மாநிலச் சீரமைப்பில் அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி 126 இடங்களில் 60 பெற்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்வு செல்லாது என அறிவிக்கப்பட, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. நூலிழைப் பெரும்பான்மை கொண்ட ஆட்சிக்கு ஒவ்வோர் இடமும் உயிர்நிலை.

மலையாள நாட்டின் ஆட்சியைத் தாங்கவேண்டிய வாக்குகள் தமிழ் பேசின. ஆகவே தமிழ்ப்பாட்டு மலையேறியது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் தோட்டந்தோறும் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்பது பொதுவுடைமை இயக்கத்தார் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி.

அந்த மேடையில் இசைக்குறிப்புத் தாள் இல்லை; தேவையும் இல்லை. பாட்டு நினைவில் இருந்தது. நாள்முழுதும் கொழுந்து கிள்ளிக் களைத்தவர்கள் குளிரில் நின்று கேட்டார்கள். அவர்களைக் கலையவிடாமல் நிறுத்துவதே பாடகனுக்குத் தேர்வு. பதினான்கு வயதையொட்டி அண்ணனின் குழுவில் சேர்ந்த இளையராஜா, இத்தகைய மேடைகளிலேயே ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். குரலுக்கு எவ்வளவு துணை வேண்டும், துணை எப்போது குரலை மூடிவிடும் என்பதைக் கேட்போர் முகத்திலிருந்து நேரடியாகக் கற்கும் பயிற்சி அது.

இரண்டாம் பள்ளி சென்னையில் அமைந்தது. 1968இல் அங்கு வந்தவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். நினைவில் வாழ்ந்த பாட்டு தாளில் ஏறியது அதன் பின்னரே. அதன் பயன் 2005இல் வெளிவந்த 'திருவாசகம்' சிம்பொனி வடிவில் தெளிவாகப் புலப்பட்டது. மாணிக்கவாசகரின் தமிழுக்குப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது, பாடியவர் இளையராஜாவே. ஆங்கில வரிகளில் ஒரு பகுதியை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 'விக்கெட்' உள்ளிட்ட பிராட்வே இசைநாடகங்களைப் படைத்தவர். ஹங்கேரியக் கலைஞருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தாள் பேசியது. 2025 மார்ச் 8 அன்று அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி லண்டன் அப்பல்லோ அரங்கில் முழங்கியபோதும் பேசியது அத்தகைய தாளே.

இசை வரலாறு தாளை எளிதில் போற்றிக் காக்கும். நூலகமும் பதிப்பும் அதற்கு உண்டு. தாளுக்கு முந்திய பத்தாண்டுகளுக்கு அந்தப் பேறு இல்லை. லண்டன் அரங்கைப் பற்றி எழுதப்பட்டவற்றோடு ஒப்பிட்டால், தேவிகுளத்தில் கேட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. 1958இல் பதினைந்து வயதில் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். எந்தப் பாட்டை மீண்டும் கேட்டார்கள், எந்த வரியில் கூட்டம் சேர்ந்து பாடியது என்பவை அவர்கள் நினைவிலேயே தங்கியுள்ளன. மூணாறு, தேவிகுளம் தோட்டக் குடியிருப்புகளில் அந்த நினைவுகளைப் பதிவு செய்வதற்கு எஞ்சியிருக்கும் காலம் மிகச் சிறிது.